ஸ்ரீசிட்டி ஷிஃப்டும் கைக்குழந்தையும்: பம்ப்பா, காப்பகமா, பவுடரா, வேலையை விடுவதா?

"விடுப்பு முடியப்போகுது அக்கா, குழந்தை பாட்டிலை வாயிலேயே வைக்க மாட்டேங்குது, வேலைக்குப் போறதா விடுறதா?" கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து இந்தக் கேள்வி நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது. கேட்கிறவர்களுக்கு வீடு தமிழ்நாட்டில், வேலை ஆந்திர எல்லை தாண்டி ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையிலோ தடாவிலோ. காலை ஷிஃப்ட் 6 மணிக்கு என்றால் நாலரைக்கே கம்பெனி பஸ் வந்துவிடும், 8 மணி நேர வேலைக்கு வீட்டை விட்டு வெளியே இருப்பது 11 மணி நேரம். நான் அந்தப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் முதலில் உற்பத்தி லைனில் உட்கார்ந்தேன், அப்புறம் லைன் லீடராக இருந்தேன். ப்ரேக் கேட்கிறவளின் அவதியும் தெரியும், ப்ரேக் கொடுக்க ஆள் இல்லாமல் முழிக்கிறவளின் அவதியும் தெரியும்.

நாலு வழி இருக்கிறது. நாலிலும் வெளியே தெரியாத செலவு உண்டு. உங்கள் ஓரகத்திக்குச் சரியாக வந்தது உங்களுக்கும் சரியாக வரும் என்று நம்பி இறங்காதீர்கள்.

## எதை வைத்து எடை போடுவது

குழந்தையின் வயது. சம்பளத்தோடு கூடிய விடுப்பு 26 வாரம், உயிரோடு இருக்கும் குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருப்பவருக்கு. அதில் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 8 வாரம். அந்த எட்டையும் முன்னாலேயே எடுத்துவிட்டவருக்குப் பின்னால் மிஞ்சுவது 18 வாரம், திரும்பும்போது குழந்தைக்கு நாலு மாதம்தான். வலி வரும்வரை வேலைக்குப் போனவருக்குக் கிட்டத்தட்ட ஆறு மாதம் கிடைக்கும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை, அதன் பிறகு கூழ், பருப்புசாதம் என்று ஆரம்பித்துவிடலாம். ஆகவே நாலு மாதக் குழந்தையை விட்டுப்போவதும் ஆறு மாதக் குழந்தையை விட்டுப்போவதும் ஒரே பிரச்சினை இல்லை.

எத்தனை முறை பால் எடுக்க முடியும். 11 மணி நேரத்தில் மூன்று முறையாவது எடுக்க வேண்டியிருக்கும். எடுக்காமல் விட்டால் பால் கட்டிக்கொள்ளும், கல் மாதிரி ஆகும், ஜுரம் வரும், சிலருக்கு மார்பழற்சி வரை போகும். எடுக்க எடுக்கத்தான் உடம்பு சுரக்கும், தேங்க விட்டால் சுரப்பு குறைந்துவிடும்.

ரிலீவர், அதாவது உங்களுக்குப் பதிலாக வந்து உட்காருகிறவர். இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. எல்லோரும் ரூம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். ரூம் எப்படியாவது கிடைத்துவிடும். நீங்கள் எழுந்து போகிற 25 நிமிடம் லைனில் உங்கள் இடத்தில், அதாவது உங்கள் ஸ்டேஷனில், யார் உட்காருவார்? லைனில் ஒரு இடம் காலியானால் பின்னால் இருப்பவர்களுக்கு வேலை வராது, முன்னால் சர்க்யூட் போர்டு குவிந்துவிடும். ரிலீவர் இல்லாத லைனில் மேலாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உங்கள் ப்ரேக் நாலு நாளில் செத்துவிடும். வெறுப்பும் அங்கேதான் ஆரம்பிக்கும், அதுவும் பக்கத்தில் உட்காருகிற பெண்களிடமிருந்தே.

தாளில் உங்கள் முதலாளி யார். நிரந்தர வேலையா, கான்ட்ராக்டா, ட்ரெய்னியா? கேட்டால் உங்களுக்கு என்ன நடக்கும் என்பது பெரும்பாலும் இதைப் பொறுத்ததுதான்.

## சட்டத்தில் இருப்பதும் இல்லாததும்

1961-ம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்திலேயே, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வழக்கமான ஓய்வு இடைவேளை போக நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை தர வேண்டும் என்று இருக்கிறது. அதற்காகச் சம்பளத்தில் கை வைக்கக்கூடாது. 2017 திருத்தத்தில் விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயமானது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவையெல்லாம் அப்படியே தொடர்கின்றன. மத்தியச் சட்டம் என்பதால் எல்லைக்கு எந்தப் பக்கம் வேலை செய்தாலும் ஒன்றுதான்.

இல்லாதது என்ன? குழந்தைக்குப் பாலூட்ட இடைவேளை என்று இருக்கிறதே தவிர, பம்ப் என்றோ தனி அறை என்றோ எங்கும் இல்லை. எச்.ஆர். பிடித்துக்கொள்வது இந்த ஓட்டையைத்தான். "குழந்தை வீட்ல இருக்கு, அப்புறம் உனக்கு எதுக்கும்மா ப்ரேக்?" அமெரிக்காவில் 2022-ல் வந்த சட்டத்தில் பால் எடுக்க இடைவேளை, கழிப்பறையாக இல்லாத மறைவான இடம், பிறந்து ஓராண்டு வரை என்று தெளிவாகவே எழுதிவிட்டார்கள். நம்மிடம் அந்த வரி இல்லை. ஆனால் பாலூட்டுவது தாயின் உரிமை என்று 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பொது இடத்திலும் வேலையிடத்திலும் பாலூட்டுவதை இழிவாகப் பார்க்கக்கூடாது என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. கேட்கப்போகும்போது இவை கையில் இருக்கட்டும்.

## வழி 1: வேலையிடத்திலேயே பால் எடுப்பது

என்னைக் கேட்டால் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாதவர்கள் முதலில் முயன்று பார்க்க வேண்டியது இதுதான். ஆனால் பம்ப் விளம்பரத்தில் காட்டுவது போல சோபாவில் சாய்ந்து புத்தகம் படித்துக்கொண்டு செய்கிற காரியம் இல்லை.

நேரக் கணக்கைப் பாருங்கள். ஸ்மாக் (மேல்கோட்டு), தொப்பி, ரிஸ்ட் ஸ்ட்ராப் (மணிக்கட்டுப் பட்டை) எல்லாம் கழற்ற வேண்டும், லாக்கருக்குப் போக வேண்டும், கை கழுவ வேண்டும், எடுத்து முடித்துப் பம்ப்பை அலச வேண்டும், திரும்ப மாட்டிக்கொண்டு லைனுக்கு வர வேண்டும். பால் எடுப்பதே 15 நிமிடம் என்றால் போக வர இன்னொரு 10 நிமிடம். 15 நிமிட ப்ரேக் என்று சொல்லிவிட்டு அனுப்பினால் அது கணக்குக்கே வராது. எனவே பேசும்போதே "ஸ்டேஷனிலிருந்து ஸ்டேஷனுக்கு 25 நிமிடம்" என்று பேசுங்கள். சாப்பாட்டு இடைவேளையில் ஒரு முறை, அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு முறை என்று வைத்தால் மூன்று முறை வந்துவிடும்.

இடத்துக்கு ஒரு யோசனை. 500 பேருக்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலையில் ஆம்புலன்ஸ் ரூம் இருந்தே ஆக வேண்டும், நர்ஸ் இருப்பார், படுக்கையும் திரையும் இருக்கும். புதிதாக ரூம் கட்டித் தா என்று கேட்பதைவிட அங்கே ஒரு மூலை கேட்பது சுலபமாக நடக்கும். கழிப்பறையில் எடுத்துக்கொள் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அங்கே உட்கார்ந்து சாப்பிடுவீர்களா என்று ஒரே ஒரு முறை கேளுங்கள், போதும்.

கையால் பீய்ச்சி எடுக்கப் பழகிவிட்டால் செலவே இல்லை, ஒரு கிண்ணம் போதும், பலருக்குக் கைப்பம்பைவிட நன்றாகவே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸிடம் கேட்டால் சொல்லித்தருவார். மின்சாரப் பம்ப் வேகமானது, ஆனால் எலக்ட்ரானிக்ஸ் ஆலை கேட்டில் பேட்டரி உள்ள எந்தப் பொருளையும் துருவித்தான் விடுவார்கள், செக்யூரிட்டி ஆண்கள் அதைக் கையில் தூக்கிப் பார்த்துச் சிரிக்கிற கொடுமையும் நடக்கும். எச்.ஆர். கையெழுத்தோடு ஒரு கேட் பாஸ் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள்.

எடுத்த பாலை வைப்பது அடுத்த தலைவலி. 25 டிகிரி வரையிலான அறை வெப்பத்தில் 4 மணி நேரம் தாங்கும் என்பது மருத்துவக் கணக்கு, நம்ம ஊர் மே மாதத்துக்கு அந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃப்ரிட்ஜில் 4 நாள் வைக்கலாம், உறைந்த ஐஸ் பேக் வைத்த கூலர் பையில் 24 மணி நேரம் தாங்கும். கான்டீன் ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு கேளுங்கள், இல்லையென்றால் கூலர் பைதான். வீட்டில் ஃப்ரீஸர் இல்லை, பை வாங்க வழி இல்லை என்றால் எடுத்துக் கொட்டிவிடுங்கள். மனசு கேட்காதுதான், ஆனால் கட்டிக்கொள்ளாமல் இருக்கும், சுரப்பு நிற்காது, வீட்டுக்கு வந்ததும் குழந்தைக்குப் பால் இருக்கும். பாட்டிலை மறுக்கிற குழந்தைக்கு நம் வீட்டுப் பாலாடையே (மூக்கு வைத்த பால் புகட்டும் கிண்ணம்) போதும், அத்தைமார்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெளியே தெரியாத செலவு பணத்தில் மட்டும் வராது. ப்ரேக் கணக்கைக் காட்டி இன்சென்டிவைக் குறைப்பார்கள், "இன்னிக்கு டார்கெட் போனது இவளாலதான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்வார்கள், நைட் ஷிஃப்டுக்குத் தள்ளுவார்கள். நேராக "கூடாது" என்று சொல்லும் மேலாளரை நான் அதிகம் பார்த்ததில்லை. இப்படிச் சுற்றி வளைத்து நீங்களாகவே கேட்பதை நிறுத்தும்படி செய்வதுதான் வழக்கம். ஆபீஸில் வேலை செய்கிற பெண் மீட்டிங் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்துவிடுவாள், ஒருவரும் கேட்க மாட்டார்கள், லைனில் இருப்பவள் மூன்று பேரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே சட்டம்.

யாருக்குப் பொருந்தும்: நிரந்தரப் பணியாளர்கள், ரிலீவர் உள்ள லைனில் இருப்பவர்கள், ஆபீஸ், ஸ்டோர், தரப் பரிசோதனை மேசையில் இருப்பவர்கள், குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாதவர்கள்.

## வழி 2: காப்பகம், அல்லது குழந்தையை ஆலைப் பக்கம் கொண்டுவருவது

கேட்க நன்றாக இருக்கும். 50 பேர் என்பது ஆணும் பெண்ணும் சேர்த்துத்தான், ஆகவே ஸ்ரீசிட்டியில் இருக்கிற பெரிய ஆலை எதுவும் இதிலிருந்து தப்ப முடியாது. ஓய்வு நேரத்தையும் சேர்த்து நாளுக்கு நாலு முறை காப்பகத்துக்குப் போய்வர அனுமதி உண்டு. பல கம்பெனிகள் சேர்ந்து பொதுவாக ஒன்று நடத்தவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. பம்ப் வேண்டாம், ஐஸ் வேண்டாம், "குழந்தை எங்கே" என்ற கேள்வியும் எழாது.

சிக்கல் பஸ்ஸில் இருக்கிறது. நாலரை மணிக்கு நாலு மாதக் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்க உங்களால் முடியுமா? கம்பெனி பஸ்ஸில் கைக்குழந்தையை ஏற்ற விடுவார்களா? இதைக் கேட்டுவிட்டு அப்புறம் காப்பகத்தைப் போய்ப் பாருங்கள். பார்க்கும்போது பொம்மையையும் சுவர்ச் சித்திரத்தையும் பார்க்காதீர்கள், நைட் ஷிஃப்டில் திறந்திருக்குமா, ஒரு ஆயாவுக்கு எத்தனை குழந்தை, காப்பகத்திலிருந்து உங்கள் லைனுக்கு நடக்க எத்தனை நிமிடம் என்று பாருங்கள். இன்ஸ்பெக்ஷனுக்கு மட்டும் திறக்கிற அறையாக இருந்தால் கதவுப் பூட்டிலேயே தெரிந்துவிடும்.

இதற்கு நம் பெண்கள் கண்டுபிடித்த மாற்று, தடாவிலோ வரதய்யபாளையத்திலோ சின்னதாக ஒரு அறை எடுத்து அம்மாவையோ அத்தையையோ கூட்டிவந்து வைத்துக்கொள்வது. தமிழ் பேசினால் தடாவில் யாருக்கும் புரியாமல் போகாது, மொழிக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டு வாடகை ஆகும், ரேஷன் அங்கே, அங்கன்வாடி சத்துமாவு அங்கே, தடுப்பூசி அட்டை அங்கே என்று பாதி வாழ்க்கை தமிழ்நாட்டுப் பக்கம் கிடக்கும், வீட்டுக்காரர் சாப்பாட்டுக்கு என்ன செய்வார் என்ற பஞ்சாயத்தும் தனியாக வரும். பயணம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மிச்சமாகும் என்பதால், உதவிக்கு ஆள் இருந்தால் குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை தாக்குப்பிடிக்கலாம்.

## வழி 3: காலையும் இரவும் தாய்ப்பால், பகலில் வேறு

குழந்தைக்கு ஆறு மாதம் தாண்டியிருந்தால் இதில் குற்ற உணர்ச்சிக்கு ஒன்றும் இல்லை. பகலில் கூழும் சாதமும் கொஞ்சம் பவுடர் பாலும், வீட்டுக்கு வந்ததும் தாய்ப்பால், இரவெல்லாம் தாய்ப்பால். பகலில் அம்மா இல்லையென்றால் பல குழந்தைகள் இரவில் சேர்த்து வைத்துக் குடிக்கும், அதனால் சுரப்பு ஓரளவு குறையாமல் இருக்கும். விலை உங்கள் தூக்கம்.

நாலு மாதக் குழந்தைக்கு இதே வழி என்றால் செலவைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 400 கிராம் டின்னில் சுமார் மூன்று லிட்டர் கலக்கலாம். பகலுக்கு 400 மில்லி என்றால் ஒரு டின் ஒரு வாரம், மாதம் நாலு டின். டின் 400 ரூபாய் என்றே வைத்தாலும் மாதம் 1,600. மாதக் கடைசியில் டின் தீரும்போது தண்ணீர் கூட்டிக் கலக்கத் தோன்றும், அது ஆபத்து, பெட்டியில் போட்ட அளவை மாற்றவே கூடாது. கொதிக்கவைத்த தண்ணீர், சுத்தமான பாத்திரம் இரண்டும் தவறினால் வயிற்றுப்போக்கு வரும், அப்போது நீங்கள் போடும் லீவு பம்ப் ப்ரேக்கைவிடப் பெரிதாகப் போய்விடும்.

இன்னொன்று: பகலில் எடுக்கவே வேண்டாம் என்று ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே பகல் பாலை ஒவ்வொரு வேளையாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள், முதல் சில வாரம் ஆலையில் ஒரு முறையாவது கையால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள்.

கம்பெனிக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், யாருக்கும் ஒரு நிமிடம்கூடச் செலவில்லை. "எல்லாரும் பவுடர்தானே குடுக்கிறாங்க" என்று சூப்பர்வைசர் அறிவுரை சொன்னால் அது உங்கள் குழந்தையைப் பற்றிய அறிவுரை இல்லை, அவருடைய டார்கெட்டைப் பற்றியது. நீங்களாகத் தேர்ந்தெடுத்தால் சரி.

## வழி 4: விடுப்பை நீட்டுவது, வேலையை விடுவது

26 வாரத்துக்குப் பிறகு சம்பளமில்லா விடுப்பு தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை, அது அவர்கள் மனசு. பிரசவம் தொடர்பாக உடம்பு சரியில்லை என்று மருத்துவச் சான்று இருந்தால் மேலும் ஒரு மாதம் வரை சம்பளத்தோடு கேட்கலாம், பலருக்கு இது தெரியாது. வீட்டிலிருந்து வேலை என்பதும் இருவரும் ஒத்துக்கொண்டால் உண்டு, லைனில் இருப்பவர்களுக்கு அது வெறும் எழுத்துதான்.

வேலையை விட்டால் சம்பளம் போகும் என்பது தெரிந்ததே. தெரியாமல் போவது மற்றவை. இஎஸ்ஐ வைத்தியம் குடும்பத்துக்கே நின்றுபோகும். நிரந்தர வேலையில் ஐந்து வருடம் முடிக்கச் சில மாதம் இருந்தால் கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) அதோடு போய்விடலாம் (மகப்பேறு விடுப்பும் பணிக்காலத்தில் சேரும், எண்ணிப் பாருங்கள்). லைன் வேலைக்கு இளம்வயதுப் பெண்களைத்தான் தேடி எடுக்கிறார்கள், இரண்டு வருடம் கழித்துப் போனால் அதே கேட்டில் அதே சம்பளத்துக்கு எடுப்பார்கள் என்று எண்ண வேண்டாம். ஆனாலும் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவரும் இல்லை, குழந்தை எடை ஏறவில்லை, குறைமாதத்தில் பிறந்தது என்றால் விடுவதுதான் சரியான முடிவு, அதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. விடுவதானால் ராஜினாமாக் கடிதத்தில் "சொந்தக் காரணம்" என்று மட்டும் எழுதாதீர்கள். இடைவேளை கேட்டும் தரவில்லை என்றால் அதையே எழுதுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | வெளிப்படையான செலவு | வெளியே தெரியாத செலவு | எப்போது நல்லது |
|---|---|---|---|
| பால் எடுப்பது | கையால் என்றால் இல்லை. பம்ப், கூலர் பை | இன்சென்டிவ், பேச்சு, ஷிஃப்ட் மாற்றம் | ரிலீவர் இருந்தால் |
| காப்பகம் / பக்கத்தில் அறை | அறை வாடகை | குழந்தையின் விடிகாலைப் பயணம், இரண்டு குடித்தனம் | கூட இருக்க ஆள் இருந்தால் |
| காலை-இரவு பால் | மாதம் நாலு டின் வரை | தூக்கம், பால் கட்டுவது | ஆறு மாதம் தாண்டியிருந்தால் |
| விடுவது | முழுச் சம்பளம் | இஎஸ்ஐ, கிராஜுவிட்டி, திரும்ப வேலை | குழந்தைக்கு உடம்பு முடியாவிட்டால் |

இரண்டைக் கலந்து செய்கிறவர்கள்தான் அதிகம். ஆறு மாதம் வரை முதல் வழி, அப்புறம் மூன்றாவது வழி என்று போனவர்கள் அதிகம் சிரமப்பட்டு நான் பார்க்கவில்லை.

## கேட்பதும், மறுத்தால் போவதும்

திரும்பி வந்த பிறகு லைனில் நின்றுகொண்டு கேட்காதீர்கள், அங்கே பதில் எப்போதும் "பாக்கலாம்மா"தான். விடுப்பு முடிய மூன்று வாரம் இருக்கும்போதே எச்.ஆருக்குக் கடிதம் அல்லது மெயில் அனுப்புங்கள், கடிதமானால் நகலில் கையெழுத்து வாங்குங்கள். குழந்தை பிறந்த தேதி, 15 மாதம் முடிகிற தேதி, எத்தனை மணிக்கு எத்தனை நிமிடம், எந்த இடம், யார் ரிலீவர் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். காப்பகம் நடத்தாத கம்பெனியிடம் "காப்பகம் இருந்தால் குழந்தையை அங்கேயே விட்டிருப்பேன், இல்லாததால் பால் எடுக்க நேரம் கேட்கிறேன்" என்று ஒரு வரி சேர்த்தால் "குழந்தை எங்கே" என்ற கேள்வி அடங்கிவிடும். எனக்குத் தெரிந்து அந்த ஒரு வரி அளவுக்கு வேறெதுவும் வேலை செய்ததில்லை.

கான்ட்ராக்டில் இருப்பவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, நீக்கினோம் என்று சொல்லாமல் புதுப்பிக்காமலே விட்டுவிடுவார்கள். மகப்பேறு உரிமை தினக்கூலிப் பெண்களுக்கும் உண்டு என்று 2000-லும், ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் அந்தப் பலன் தொடரும் என்று 2023-லும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தனியாகப் போகாமல் அதே கான்ட்ராக்டரிடம் இருக்கிற இன்னும் இரண்டு மூன்று தாய்மார்களைச் சேர்த்துக்கொண்டு ஒரே கடிதமாகக் கொடுங்கள், நகல் ஒன்று ஆலைக்கும் போகட்டும்.

புகார் எழுத வேண்டி வந்தால் வீட்டு முகவரியைப் பார்த்துத் திருவள்ளூருக்கு ஓடாதீர்கள். வேலையிடம் எங்கே இருக்கிறதோ அந்த மாநிலத் தொழிலாளர் துறைதான், ஸ்ரீசிட்டி என்றால் ஆந்திராவில் திருப்பதி மாவட்டம். தமிழில் எழுதினால் அங்கே கிடப்பில்தான் போகும், தெலுங்கு தெரிந்த லைன் தோழியையோ ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவரையோ பிடித்து எழுதிக்கொள்ளுங்கள். இன்சென்டிவ் குறைந்த மாதத்துச் சம்பளச் சீட்டு, ஷிஃப்ட் மாற்றிய மெசேஜ், முன்பே கொடுத்த கடிதத்தின் நகல் மூன்றையும் இணைத்துவிடுங்கள்.

லைனில் ரிலீவரே இல்லை என்று கைவிரித்தால், 15 மாதம் முடியும்வரை பேக்கிங், ஸ்டோர், தரப் பரிசோதனை மேசை என்று எழுந்து போக முடிகிற இடத்துக்கு ஜெனரல் ஷிஃப்டில் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அவர்களுக்கும் அது சுலபம். ஆனால் அப்படி மாறும்போது சம்பளம் அதே கிரேடா, 15 மாதம் முடிந்ததும் பழைய லைனும் பழைய இன்சென்டிவும் திரும்பக் கிடைக்குமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு மாறுங்கள்.